ஒசாகாவில் பிள்ளையார் சுழி

1970 ஏப்ரல் 12, ஞாயிறு. ஒசாகா

இந்த டைரியைக் கொடுத்தவள் என் அக்கா மகள் கோமு. கொடுக்கும்போதே ஒரு நிபந்தனையும் போட்டாள். "மாமா, இதுல மட்டுமாவது நெசத்தை எழுதுங்க." மற்ற இடங்களில் நான் பேசுவதைப் பற்றி அந்தப் பிள்ளைக்குத் திடமான அபிப்பிராயம் இருக்கிறது. ஆகவே நிஜத்தையே எழுதுகிறேன்.

இலஞ்சி சுப்பையா மகன் பிரமநாயகமாகிய நான், ஜப்பான் நாட்டில் நடக்கும் உலகப் பொருட்காட்சியில், இந்தியக் கூடத்தின் முத்திரை அதிகாரியாகப் பொறுப்பேற்று இன்றோடு நாலு வாரம். உத்தரவில் 'ஸ்டாம்ப் அட்டெண்டர்' என்று போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றுதான். தமிழில் சொல்லும்போது கொஞ்சம் வளர்ந்துவிட்டது.

வேலை இதுதான். இங்கே எழுபதுக்கு மேற்பட்ட நாடுகள் கூடம் கட்டியிருக்கின்றன. ஜப்பானியர் எல்லோரும் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வருகிறார்கள். ஒவ்வொரு கூடத்திலும் அந்த நாட்டின் ரப்பர் முத்திரையை நோட்டில் வாங்கிக்கொண்டால்தான் அவர்களுக்கு அந்த நாட்டைப் பார்த்த மாதிரி. சிலர் கூடத்துக்குள்ளேயே வருவதில்லை; நேராக என் மேஜைக்கு வந்து இந்தியாவை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். சென்னையில் கைத்தொழில் விற்பனை நிலையத்தின் பார்சல் பிரிவில், பெட்டிகளின்மேல் 'உடையும் பொருள்' என்று இருபத்து மூன்று வருஷம் முத்திரை குத்திய கை இது. டெல்லிக்காரர் ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்ததால் தேசம் என்னைத் தேடி வந்தது.

கூட்டம் என்றால் பாபநாசம் அணையை உடைத்துவிட்ட மாதிரி. நேற்று மட்டும் ஒரு கோடிப் பேருக்குக் குத்தினேன். (கோமுவுக்காக: மூவாயிரம்.)

ஏப்ரல் 14, செவ்வாய்

தமிழ் வருஷப் பிறப்பு. தயிர் தோயவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

எங்கள் கூடத்துக்குப் பெரிய அதிகாரி டெல்லியிலிருந்து வந்திருக்கும் அவஸ்தி. ஞாயிறு தோறும் வாயில் திறக்குமுன் ஊழியர்களை வரிசையாக நிற்கவைத்து ஆங்கிலத்தில் ஒரு பிரசங்கம் செய்வார். இன்றைய தலைப்பு: உலகப் பொருட்காட்சிகளின் வரலாறு.

1851-இல் லண்டனில் கண்ணாடியாலேயே ஒரு மாளிகை கட்டி ஆரம்பித்தார்களாம். எனக்கு உடனே தோன்றியது, அதற்கு 'உடையும் பொருள்' முத்திரை குத்திய மகானுபாவன் யார் என்பதுதான். பிறகு அமெரிக்காவில் ஒரு பொருட்காட்சியில் டெலிபோனைக் காட்டியிருக்கிறார்கள். பாரீஸில் இருபது வருஷத்தில் பிரித்துவிடுகிறோம் என்று சத்தியம் செய்து ஓர் இரும்புக் கோபுரத்தை நிறுத்தினார்களாம், இன்னும் பிரிக்கவில்லை. நம்மூர்க் கல்யாணப் பந்தல்காரர்களையே மிஞ்சிவிடுவார்கள் போலிருக்கிறது. இந்த வம்சாவளியில்தான் சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியும் வருகிறது என்று நான் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். உலகம் கண்ணாடி மாளிகையையும் டெலிபோனையும் கொடுத்தது. நம் பங்குக்கு மரணக் கிணற்றையும் டெல்லி அப்பளத்தையும் கொடுத்தோம். டெல்லியில் அப்படி ஓர் அப்பளமே கிடையாது என்றார் அவர். எனக்கு வரலாற்றின்மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

அவஸ்தி ஒரு பழைய படத்தையும் சுற்றுக்கு விட்டார். போன நூற்றாண்டில் லண்டனில் நடந்த பொருட்காட்சி ஒன்றில், நம் நாட்டு ஆட்கள் எட்டுப் பேர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நெய்கிறார்கள், செதுக்குகிறார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் தொப்பிக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். கீழே 'வேலை செய்யும் இந்தியர்கள்' என்று அச்சிட்டிருந்தது. தறியின் பெயர் இருந்தது, துணியின் பெயர் இருந்தது. எட்டுப் பேருக்கும் பெயர் இல்லை. ஓரத்தில் இருந்தவர் மூக்கு எங்கள் அப்பா மூக்கு மாதிரி இருந்தது. அப்பா லண்டன் போனதில்லை, தென்காசி தாண்டியதில்லை. படத்தை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டேன்.

மாலையில் வேட்டி இரண்டு துவைத்துப் போட்டேன். எதிர் விடுதிக்காரர்கள் அதை ஏதோ ஒரு நாட்டுக் கொடி என்று நினைத்து வணங்கிவிட்டுப் போனார்கள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

சரித்திரம் நடந்துவிட்டது.

காலை பதினொன்றரை மணிக்கு நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் நோட்டை நீட்டினார். குத்தினேன். அவர் நகரவில்லை. ஒரு பேனாவையும் நீட்டி, "சைன் குடாசாய்" என்றார்.

என் காதில் இப்படி விழுந்தது: 'சைன் குடு சார்.' எங்கள் தாலுகா ஆபீசு வராந்தாவில் தினமும் நூறு பேர் சொல்லும் வாசகம், நாலாயிரம் மைல் தாண்டி அதே பணிவோடு கேட்கிறது. ஜப்பானியர் தமிழர்தாம் என்ற முடிவுக்கு அரை நிமிஷத்தில் வந்துவிட்டேன். எங்கள் கூடத்தில் வழிகாட்டியாக இருக்கும் சுமிக்கோ என்ற பெண் ஓடி வந்து, 'தயவுசெய்து' என்பதற்கு அவர்கள் மொழியில் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். அது அவள் அபிப்பிராயம்.

"என் கையெழுத்தா? அதிகாரி உள்ளே இருக்கிறார்" என்றேன்.

"உங்களுடையதுதான் வேண்டுமாம்."

பேனாவை வாங்கினேன். எந்தக் காகிதத்திலும் முதலில் போடுகிற பிள்ளையார் சுழியைப் போட்டேன். அதற்குக் கீழே 'இ. சு. பிரமநாயகம்.' அந்த அம்மாள் எழுத்துகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். முதல் எழுத்து என் ஊர், இலஞ்சி. இரண்டாவது என் அப்பா, சுப்பையா. மீதி நான். சுமிக்கோ சொல்லச் சொல்ல அவர் பக்கத்தில் ஜப்பானிய எழுத்தில் குறித்துக்கொண்டார். பின்னால் நின்றவர்களும் பேனாவை எடுத்தார்கள்.

இன்று மொத்தம் அறுபத்தொன்று. இதை நான் பெருக்கவில்லை. பெருக்கத் தோன்றவில்லை.

மே 3, ஞாயிறு

சுமிக்கோ ஒரு டப்பி நிறையப் பஞ்சுமுனைப் பேனாக்கள் வாங்கி வந்து கொடுத்தாள், பன்னிரண்டு நிறம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பச்சை. முற்றிலும் தற்செயல்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் கடிதம் எழுதினேன். என் கையெழுத்துக்காகத் தினமும் ஜப்பானியர் வரிசையில் நிற்கிறார்கள் என்று ஒரே ஒரு வரி. சேர்க்கவில்லை, கூட்டவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு சாதுவான கடிதம் எழுதியதில்லை.

மே 21, வியாழன்

அத்தான் தீத்தாரப்பனிடமிருந்து பதில். அத்தான் திருநெல்வேலியில் வேளாண்மை அதிகாரி. கெஜட்டில் பெயர் வந்தவர்; பச்சை மையில் கையெழுத்துப் போட சர்க்காரால் அனுமதிக்கப்பட்டவர். எங்கள் குடும்பத்தில் யாருடைய சர்டிபிகேட் நகலும் அவர் பச்சை மை படாமல் செல்லாது. அசலைக் கையில் கொடுத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகுதான் போடுவார். என் அக்காவின் கல்யாணப் பத்திரிகையையே அசலோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் மணமேடை ஏறினார் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன்.

கடிதம் இப்படி: "உன் கடிதம் கிடைத்தது. கோமு சிரித்தாள். ஜப்பானிய முறை நெல் சாகுபடியை நேரில் பார்க்க எங்கள் இலாகாவில் ஐந்து பேரை அனுப்புகிறார்கள். ஜூலையில் வருகிறேன். வரிசையை நேரில் பார்த்துக்கொள்கிறேன்."

'நேரில் பார்த்துக்கொள்கிறேன்' என்பதன் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு.

என்மேல் அவருக்கு நம்பிக்கையில்லை என்று நான் வருந்துகிறவன் அல்லன். கோமு சென்னையில் கல்லூரியில் சேர்ந்தபோது, விடுதி விண்ணப்பத்தில் 'உள்ளூர்க் காப்பாளர்' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அத்தான் அதை ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, சென்னையில் அவருக்குத் தெரிந்த அதிகாரி ஒருவரிடம் வாங்கினார். "உன் கையெழுத்த வச்சு எவன்டே சீட்டு குடுப்பான்?" என்றார். பிள்ளையின் நன்மைக்காகச் சொன்னது. நான் அப்போதே மறந்துவிட்டேன். 1968 ஜூன் 21, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி.

ஜூலையில் வரட்டும். அமெரிக்காக்காரன் சந்திரனிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அதைப் பார்க்க நாலு மணி நேரம் வரிசை. அதைவிட லட்சணமான கல்லில்தான் சிற்றாற்றில் வேட்டி துவைக்கிறோம். அந்த வரிசையையும் என் வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

ஜூன் 7, ஞாயிறு

ஒரு சிறு குழப்பம். இரண்டு நாளாக வருகிறவர்கள் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, சுழியைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்கிறார்கள். சுமிக்கோவை விசாரிக்கச் சொன்னேன். அவள் திரும்பி வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

நான் போடும் பிள்ளையார் சுழி அவர்கள் கண்ணுக்கு '2' என்று தெரிகிறதாம். எல்லா நோட்டிலும் இந்தியாவுக்கு மேலே 2. ஆகவே எங்கேயோ 1 இருக்கிறது, 3 இருக்கிறது, எல்லாம் சேர்த்தால் ஏதோ பரிசு இருக்கிறது என்று ஒரு சேதி பரவி, ஜனங்கள் மற்ற கூடங்களில் போய் 'ஒன்று எங்கே?' என்று கேட்கிறார்களாம்.

நான் சிரித்தேன். தமிழிலும் பழைய கணக்கில் 'உ' என்றால் இரண்டுதான் என்று அவளிடம் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கவேண்டாம். அவள் அதை நாலு பேரிடம் சொல்லிவிட்டாள்.

ஜூன் 13, சனி

பக்கத்துக் கூடத்தில் '3' போட ஆரம்பித்துவிட்டார்கள். நாட்டின் பெயரை எழுதமாட்டேன், ராஜதந்திரம்.

ஜூன் 15, திங்கள்

மொத்தம் ஐந்து நாடுகள் நாங்கள்தான் '1' என்கின்றன. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் உலக யுத்தமே வந்து, அதற்குக் காரணம் பிள்ளையார் என்று பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கும். அதற்குள் காட்சி அலுவலகத்திலிருந்து அவஸ்திக்குக் கேள்வி வந்துவிட்டது: இந்தியா எந்த அடிப்படையில் எண் வழங்குகிறது?

அவஸ்தி என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் யாரோ ஒருவருடைய நோட்டு. என் கையெழுத்துப் பக்கம் விரிந்திருந்தது. எண்ணைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று விளக்கத்தோடு போனேன். அவர் கண் எண்ணில் இல்லை.

"பச்சை மை" என்றார். "நீ கெஜட்டட் அதிகாரியா?"

இல்லை என்றேன்.

"அட்டெண்டர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு வெளிநாட்டாருக்கு விநியோகித்திருக்கிறான். எத்தனை?"

குத்துமதிப்பாகச் சொன்னேன். முதல் தடவையாகக் குறைத்துச் சொன்னேன்.

இனி ஒரு கையெழுத்து, எந்த மையிலானாலும், போட்டால் அடுத்த விமானத்தில் ஊர் போய்ச் சேரவேண்டியது. எழுத்தில் உத்தரவு. பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கீழே என் கையெழுத்தைக் கேட்டார். அதற்கு மட்டும் அனுமதி உண்டாம்.

ஜூன் 16, செவ்வாய்

முத்திரை குத்தினேன்.

ஜூன் 17, புதன்

முத்திரை குத்தினேன். மழை.

ஜூன் 24, புதன்

நோட்டையும் பேனாவையும் நீட்டுகிறார்கள். நான் குனிந்து வணங்கி, இல்லை என்று கையை ஆட்டுகிறேன். அவர்கள் அதைவிடக் குனிந்து வணங்கி, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். சண்டை போட்டால் தேவலாம். குனிந்து குனிந்து என் உயரத்தில் ஓர் அங்குலம் குறைந்துவிட்டது. விடுதிக் கண்ணாடியில் அளந்தேன்.

தயிர் தோய்ந்தது. இங்கே விற்கும் புளித்த பாலைக் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன். சாப்பிடத்தான் பிடிக்கவில்லை.

ஜூலை 5, ஞாயிறு

அத்தான் பன்னிரண்டாம் தேதி வருகிறார்.

சுமிக்கோவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, தன் சித்தப்பா பிள்ளைகள், பள்ளிக்கூடத் தோழிகள் எல்லோரையும் அன்று நோட்டோடு வந்து என் மேஜை முன்னால் வரிசையில் நிற்கச் சொல்வதாகச் சொன்னாள். ஐம்பது பேர் நிச்சயமாம். கையெழுத்துப் போடவேண்டியதில்லை, நின்றால் போதுமே என்றாள்.

வேண்டாம் என்றுவிட்டேன். ஏன் என்று கேட்டாள். எனக்கே புரியவில்லை. இலஞ்சி வாய்க்காலில் முதலை பார்த்தேன் என்று சொல்லி, இரண்டு தெருக்காரர்களை ஒரு வாரம் குளிக்கவிடாமல் செய்தவன் நான். ஆனால் இந்த ஒன்று நடந்தது. நடந்ததற்குப் பொய்ச் சாட்சி ஏற்பாடு செய்ய மனசு வரவில்லை.

காய்ச்சல் வரவழைக்க முடியுமா என்று பார்த்தேன். உடம்பு கல் மாதிரி இருக்கிறது.

ஜூலை 12, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு அத்தான் வந்தார். கோட்டு, டை, நெற்றி நிறைய விபூதி. கூட வந்த நாலு அதிகாரிகளும் உள்ளே சிலைகளைப் பார்க்கப் போய்விட்டார்கள். அத்தான் மட்டும் என் மேஜைக்குப் பக்கவாட்டில், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் குத்தினேன். அரை மணி நேரம் குத்தினேன். வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள்.

"வரிச எங்கடே?" என்றார்.

"தட போட்டுருக்காங்க அத்தான். மேலிடத்து உத்தரவு."

"ஆமா, தட" என்றார். சிரிக்கக்கூட இல்லை. அந்த 'ஆமா'வில் நாற்பது வருஷத்து என் பொய்கள் அத்தனையும் வரிசையில் நின்றன.

அப்போது ஒரு பெண்மணி வந்தார். விபூதியும் கோட்டுமாக ஒருவர் நிற்பதைப் பார்த்ததும் நேரே அத்தானிடம் போய் நோட்டை விரித்து, "சைன் குடாசாய்" என்றார்.

அத்தான் என்னைப் பார்த்தார். "என்ன கேக்கா?"

"கையெழுத்து, அத்தான்."

அவர் கை தானாகவே சட்டைப்பைக்குப் போய்ப் பச்சைப் பேனாவை எடுத்தது. ஆனால் அத்தான் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்ட சரித்திரம் கிடையாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். நாடு நாடாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். பிள்ளையார் சுழி. அதன் கீழே இ. சு. பிரமநாயகம்.

"இது யார் போட்டது?"

"நாந்தான்."

"பச்சையில?"

"ஆமா."

அவர் பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு, இது எப்படிக் கிடைத்தது என்று அந்த அம்மாளிடம் கேட்கச் சொன்னார். சுமிக்கோ கேட்டாள். அவர் மே மாதம் வாங்கியதாம். இதே மேஜையில், இதே மனிதரிடம். நாற்பது நிமிஷம் வரிசையில் நின்றாராம். பிறகு அந்த அம்மாள் எழுத்துகளின்மேல் விரலை வைத்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"இரஞ்சி. சுப்பைய்யா. பிராமனாயகாமு."

சுப்பையா அத்தானுக்கு மாமனார். அத்தானுக்கு முதல் வேலை கிடைக்கும்வரை சோறு போட்டவர். இறந்து பதினொரு வருஷமாகிறது. அந்தப் பெயரை அத்தான் உச்சரித்து நான் கேட்டதில்லை. மாமா என்றுதான் சொல்வார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். துடைத்தது கண்ணாடியை மட்டும்தான் என்று கோமுவுக்கு எழுதப்போகிறேன்.

பிறகு நோட்டை மேஜைமேல் வைத்து, என் கையெழுத்துக்குக் கீழே, பச்சை மையில் நிதானமாக எழுதினார்:

'மேற்கண்ட கையெழுத்து திரு. இ. சு. பிரமநாயகம் அவர்களுடையதே எனச் சான்றளிக்கிறேன்.'

கையெழுத்து, பதவி, தேதி. எழுதிவிட்டுப் பையைத் தடவினார்.

"ஆபீஸ் சீலு ஊர்ல கெடக்கு. சீலு இல்லாம இது செல்லாது. ஒன் சீலப் போடுடே."

இந்திய தேசத்தைக் குத்தினேன். முத்திரை கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

அந்த அம்மாள் போய் வெளியே யாரிடம் காட்டினாரோ, பத்து நிமிஷத்தில், முன்பு என் கையெழுத்து வாங்கியவர்களில் இன்று மறுபடி காட்சிக்கு வந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். சான்றளிக்கப்பட்ட இரண்டாம் நம்பர் கிடைக்கிறது என்று சேதி. அத்தான் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு நோட்டிலும் என் எழுத்தை முதல் நோட்டோடு ஒப்பிட்டுத்தான் எழுதினார். முதல் நோட்டை அதற்காக அந்த அம்மாளிடம் கெஞ்சிக் கேட்டு மேஜையிலேயே வைத்துக்கொண்டார். ஒருவருடைய நோட்டில் மட்டும், "இது அவசரத்துல போட்டிருக்க, 'நா' கால் சரியில்ல" என்று என்னை முறைத்துவிட்டுப் போட்டார்.

சத்தம் கேட்டு அவஸ்தி வந்துவிட்டார். பச்சை மையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். அத்தான் எழுந்து தன் பதவியையும் இலாகாவையும் சொன்னார். இரண்டு கெஜட்டட் அதிகாரிகளும் கை குலுக்கிக்கொண்டார்கள். அவஸ்தி ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். கீழ்நிலை ஊழியர் கையெழுத்தை மேல்நிலை அதிகாரி முறைப்படி ஒப்புதல் செய்திருக்கிறார் என்றால் தமக்கு ஆட்சேபணை இல்லை என்றார். ஆனால் அந்த எண் என்ன என்று கேட்டார்.

"எண் இல்ல, கணேஷ்" என்றார் அத்தான்.

அவஸ்தி திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். "கணேஷ்ஜியா? ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

நீங்கள் மையைப் பற்றித்தான் கேட்டீர்கள் என்றேன்.

அத்தான் ஐந்தரை மணிக்குக் கிளம்பினார். வாசல்வரை போனேன். நெல் நாற்றை வரிசையாக நடுவது பற்றித்தான் வழியெல்லாம் பேசினார்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

கோமுவின் கடிதம். அத்தான் ஊர் திரும்பியதிலிருந்து வீட்டில் ஜப்பானிய நெல்லைப் பற்றிப் பேச்சே இல்லையாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் வரிசையைப் பற்றித்தானாம். தபால்காரரிடம் சொன்னபோது வரிசை அரை மைல். எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு மைல். கலெக்டர் ஆபீசில் சொன்னபோது, சந்திரன் கல்லைப் பார்க்க நின்றவர்கள் கூட அதைவிட்டு ஓடி வந்து என் வரிசையில் சேர்ந்தார்களாம். ஜப்பானிய மந்திரி ஒருவர் குடையோடு நடுவில் நின்றாராம்.

"அப்பா கூட்டிச் சொல்ல மாட்டாங்கனு ஊருக்கே தெரியும். அதனால எல்லாரும் நம்பிட்டாங்க, மாமா. எனக்கு மட்டும் நெசத்தைச் சொல்லுங்க. எத்தன பேர் நின்னாங்க?"

நாற்பத்து மூன்று பேர். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொருவராக எண்ணினேன். மந்திரி இல்லை. குடை ஒன்று இருந்தது, அது சுமிக்கோவுடையது.

இதையெல்லாம் இங்கே எழுதிவைத்துவிட்டு, கோமுவுக்கு ஏரோகிராம் எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, ஒரே வரி எழுதினேன்: கெஜட்டட் அதிகாரி சொன்னதை மறுத்துச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது.